கடற்கரைக்குக் கொண்டுபோன ஆறு பானைத் தண்ணீர்

இராஜாக்கமங்கலத்துக் கடற்கரையில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தண்ணீர் உண்டு. கரையோரக் கிணறுகளில் உள்ளது கொஞ்சம் கரிக்கும். நல்ல தண்ணீர் வயல் பக்கத்துக் கிணற்றில் இருக்கிறது. மணலில் முக்கால் மைல் நடக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து மே மாத விடுமுறையில் கடற்காற்று வாங்கப் போகும் எங்களைப் போன்ற சபைக் குடும்பங்கள், பாயும் பாத்திரமும் அரிசியும் கூண்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கரையில் ஓர் ஓலைப் பந்தல் போட்டு, மூன்று நாள் தங்கிவிட்டு வருவோம். பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள் படுப்பார்கள். நான் பந்தலில் படுப்பேன். வண்டிக்காரர் வண்டிக்கு அடியில்.

முந்தின வருஷமும் இப்படித்தான் போனோம். வாய் அகன்ற அண்டா ஒன்றில் தண்ணீர் கொண்டுவரச் செய்து பந்தலின் நடுவில் வைத்தோம். அதில் என் மகன் முழங்கை வரை கையைவிட்டான். மகள் சிப்பி கழுவினாள். வண்டிக்காரர் தம் செம்பை அடியோடு முக்கினார். யாரோ ஒருவர் அதில் மாங்காய் ஊறப்போட்டார். அது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மூன்றாம் நாள் எங்களில் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. எல்லோரும் தாழம்புதர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் கோர்ட்டில் பழைய கட்டுகளைப் பாதுகாக்கும் வேலையில் இருப்பவன். கறையானிடமிருந்து காகிதத்தைக் காப்பாற்றுகிற எனக்கு, கையிடமிருந்து தண்ணீரைக் காப்பாற்றுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. தண்ணீர் கிணற்றில் கெட்டதைவிடக் கையில் கெட்டதுதான் அதிகம் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அதன் கீழே பதினொரு விதிகள் வகுத்தேன். அவற்றில் முதலாவது: வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே கொண்டுபோக வேண்டும். இரண்டாவது: ஒரு கை நுழையாத அளவுக்குக் கழுத்து ஒடுங்கிய பானையில்தான் வைக்க வேண்டும்.

அந்த வருஷம் தண்ணீர் விஷயத்தில் நான் இவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டதற்கு என் வயிறு மட்டும் காரணமில்லை. என் தங்கையும் காரணம்.

எங்கள் பெற்றோர் இருவரும் முன்பே காலமாகிவிட்டதால் அவள் கல்யாணம் என் பொறுப்பு. இரண்டு இடம் கூடிவந்து கலைந்துவிட்டன. முதல் வீட்டில், கிணற்றுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் எத்தனை அடி என்று கேட்டேன். இரண்டாவது வீட்டில், மாப்பிள்ளை பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அவருக்கு ஞானஸ்நானம் ஆகியிருப்பதைச் சுட்டிக்காட்டினேன். இரண்டும் நியாயமான கேள்விகள் என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் தங்கைக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது.

மூன்றாவது இடத்தை எங்கள் உபதேசியார் சொன்னார். பையன் அருமனைப் பக்கம். பள்ளிக்கூடத்தில் பௌதிகமும் ரசாயனமும் சொல்லிக்கொடுக்கிறார். தகப்பனார் ஓய்வுபெற்ற தலைமை வாத்தியார். பையனைத் தங்கை ஏற்கெனவே ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பார்த்திருக்கிறாள் என்றும், பிடித்திருக்கிறது என்றும் என் மனைவி என்னிடம் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. அவளா வாயத் தொறந்து செரின்னு சொன்னது இந்த ஒரு எடந்தான். இதையும் கலைச்சீங்கன்னா ஒங்க நோட்டுப் புத்தகத்துக்கே அவளக் கட்டிக் குடுங்க."

பெண் பார்க்க வீட்டுக்கு வந்துபோய் வேண்டாம் என்று ஆகிவிட்டால் இரண்டு பக்கமும் கௌரவக் குறைவு. அதனால் உபதேசியார் ஒரு வழி செய்தார். அவர்களும் நாங்களும் ஒரே வாரத்தில் ஒரே கடற்கரைக்குப் போவது, தற்செயலாகச் சந்திப்பது, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர்கள் தற்செயலாக எங்கள் பந்தல் பக்கம் வருவது. எல்லாத் தற்செயலும் ஒரு வாரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

போகும்போது உபதேசியார் வாசலில் நின்று சொன்னார்: "ஒரு காரியம். பெரிய வாத்தியாருக்கு ஆரத்தி, பொட்டு, நல்ல நேரம் பாக்கது, இதொண்ணும் ஆகாது. மூத்த பையனுக்கு ஒரு எடம் பாக்கப் போனப்ப அந்த வீட்டுக்காரி வாசல்ல செவப்புத் தண்ணியோட தட்டு எடுத்துட்டு வந்தா. உள்ள ஒரு கால், வெளிய ஒரு கால். அப்படியே திரும்பிட்டாரு."

"நம்ம வீட்டுல அதெல்லாம் எங்க ஓய் இருக்கு?" என்றேன்.

"அதனாலதான இஞ்ச வந்தேன்" என்றார் அவர்.

இனி பானைக்கு வருகிறேன். புதுப் பானை கசியும். தண்ணீரில் மண் வாசனை ஏறும். பழகின பானை வேண்டும். கழுத்தும் ஒடுங்கியிருக்க வேண்டும். எங்கள் தோட்டத்துப் பனைகளில் ஏறுகிறவரின் வீட்டில், இறக்கிய பதனீரைச் சேர்த்துவைக்கும் பெரிய பானைகள் வரிசையாகக் கவிழ்த்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பதனீரை எங்கள் பக்கம் அக்கானி என்போம். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால்தான் அது அக்கானி. தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் கள். ஆகவே அந்தப் பானைகளில் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். வாந்திபேதிக் காலத்தில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் நோய் இல்லை. இதில் எங்கே பிழை என்று அப்போது யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பனையேறுகிறவரின் மனைவியிடம் போனேன்.

"ஆறு பானை வேணும். பத்துப் படி கொள்ளணும். நாலு நாளைக்கு உள்ள இருக்கது கெடப்பிடாது."

"கெடுமா! எனக்க கை பட்ட பானையில எது அய்யா கெட்டிருக்கு? நாலு நாளு என்ன, எட்டு நாளு இருக்கும். விருந்தாளு வருகாவளா?"

"ஆமா."

"கல்யாணக் காரியமா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப நல்ல கனமாட்டு வச்சித் தாறேன்" என்றாள். எதைக் கனமாக வைத்துத் தருவாள் என்று நான் கேட்கவில்லை. அவளும், எதை ஊற்றிவைக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. பேச்சு சுருக்கமாக முடிந்ததில் எனக்குத் திருப்தி.

பானைகள் சனிக்கிழமை மத்தியானம் வந்தன. உள்ளே நல்ல வெள்ளை. ஒவ்வொன்றையும் மூன்று முறை கழுவினேன். கழுவின தண்ணீர் மூன்று முறையும் பால் போல வந்தது. நான்காம் முறை கழுவ விதியில் இடமில்லை. மாலை ஐந்தரைக்கு ஆறு பானையும் நிரப்பி, வாயில் இரட்டை மடிப்பு வேட்டித் துணி கட்டி, மேலே சிரட்டை கவிழ்த்து, கரியால் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் போட்டேன். ஆறு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று படி, மூன்று நாள்: ஐம்பத்துநாலு. கைக்காவலாக ஆறு. மொத்தம் அறுபது படி.

திங்கட்கிழமை விடியுமுன் புறப்பாடு. தண்ணீரை ஞாயிறு மாலை நிரப்பியிருந்தால் பன்னிரண்டு மணி நேரம்தான் பானையில் இருந்திருக்கும். ஆனால் ஓய்வுநாளில் எங்கள் வீட்டில் கிணற்றில் வாளி விழாது. எனவே அந்தத் தண்ணீர் சனி இரவும் ஞாயிறு முழுவதும், நாங்கள் கோயிலில் பாடிக்கொண்டிருந்த நேரத்திலும், சுண்ணாம்போடு அமைதியாக ஊறியது.

வண்டியில் பானைகளை வைக்கோல் மெத்தையில் உட்காரவைத்து, நனைத்த சாக்கால் மூடினேன். வண்டிக்காரர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்க பிள்ளையளக்கூட இப்படிக் கொண்டு போனதில்ல."

"ஓய், பள்ளத்துல எறக்காம ஓட்டும்."

"பள்ளம் இல்லாத எடத்துல ரோடே இல்லியே அய்யா."

ஒரு பானையும் உடையவில்லை. பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பகலில் இளநீரும் கூஜாவில் கொண்டுபோன தண்ணீரும் போதுமாக இருந்தன. நூறு அடி தள்ளி அவர்களுடைய பந்தல். நாங்கள் அவர்களைப் பார்க்கவில்லை. அவர்களும் எங்களைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருப்பதற்கு இரண்டு குடும்பமும் பட்ட பாடு பெரிது.

மாலை ஆறு மணிக்கு ஒன்றாம் பானையைத் திறந்தேன். மேலே மெல்லிய வெள்ளை ஏடு, எடுத்தேன். கையை விடாமல் பானையைச் சாய்த்து ஆளுக்கொரு தம்ளர் ஊற்றிக் கொடுத்தேன்.

தங்கை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். பிறகு, "அண்ணே, வெத்தில இல்லாம சுண்ணாம்ப மட்டும் தின்ன மாதிரி இருக்கு" என்றாள்.

"சுத்தமான தண்ணி அப்படித்தான் இருக்கும். நமக்குப் பழக்கமில்ல."

"நாக்கு மடங்க மாட்டேங்கு."

"பேச்சு குறையும். நல்லதுதான்" என்றேன்.

அன்றைக்குச் சோறு மஞ்சளாக வெந்தது. மனைவி அரிசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அரிசி பழையதாக இருக்கும் என்றேன். மறுநாள் காலை மகள் வாய் கொப்பளிக்க மாட்டேன் என்று அழுதாள். மகனின் உதடு வெளுத்து வெடித்திருந்தது; உப்புக்காற்று என்றேன். வண்டிக்காரர் மட்டும் உற்சாகமாக இருந்தார். விசாரித்தபோது, எங்கள் பானைத் தண்ணீரை அவர் ஒரு வாய்க்கு மேல் தொடவே இல்லை என்று தெரிந்தது.

"பின்ன எங்க குடிச்சீரு?"

"காளைக்குக் காட்டின குளத்துலதான். காள மோந்து பாத்துச்சு, குடிச்சுது. நானும் குடிச்சேன். இந்தப் பானையக் காளைக்கு முன்னால வச்சேன் அய்யா. மொகத்தத் திருப்பிட்டு."

காளையின் சாட்சியை நான் பதிவு செய்யவில்லை. அது என் பிழை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சமையல் ஆலோசனை நடந்தது. வரப்போகிறவர்களுக்கு என்ன கொடுப்பது? காலையில் கரைமடி வலையில் நல்ல சாளை மீன் கிடைத்திருந்தது. புளி விட்டுச் சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும், அதாவது மரவள்ளியும், என்று பெண்கள் முடிவு செய்தார்கள். தங்கை கிழங்கை வெட்டிப் பானையில் போட்டாள். என் மனைவி உப்பும் மஞ்சள்தூளும் தூவி, இரண்டாம் பானைத் தண்ணீரை நிறைய ஊற்றினாள். மூன்று மணி ஐம்பது நிமிஷத்துக்கு மூடியைத் திறந்து பார்த்தவள், "எம்மா!" என்று பின்னால் நகர்ந்தாள்.

கிழங்கு சிவந்திருந்தது. ரோஜா நிறமில்லை. அறுத்த ஆட்டிறைச்சியின் நிறம். தண்ணீர் குங்குமத்தைக் கரைத்த மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி, என்னத்தப் போட்டா?"

"நான் என்னத்தப் போட்டேன் மைனி? மஞ்சத்தூள நீங்கதான போட்டிய!"

"தண்ணிய வடிச்சிட்டு ரெண்டு தடவ அலசிப் பாப்போம். பத்து நிமிஷத்துல வந்துருவாவ."

எதைக்கொண்டு அலசினாலும் அதே பானைத் தண்ணீர்தான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. மனைவி கொதிநீரைப் பெரிய பித்தளைத் தட்டில் வடித்தாள். அதைப் பந்தல் பக்கத்திலேயே மணலில் கொட்டியிருக்கலாம். ஆனால் என்னுடைய ஏழாவது விதி, கழிவுத் தண்ணீரைப் பந்தலிலிருந்து முப்பது அடிக்குள் கொட்டக்கூடாது என்பது, ஈ மொய்க்கும். அவசரத்திலும் அவள் அந்த விதியை மதித்தாள். பித்தளைத் தட்டு நிறையச் சிவப்புத் தண்ணீரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, சிந்தாமல், மெல்ல அடியெடுத்து முப்பது அடி நடந்தாள். முப்பதாவது அடியில் ஒரு மணல்மேடு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய வாத்தியாரும் அவர் மனைவியும் பையனும் தற்செயலாக வந்துகொண்டிருந்தார்கள்.

நேருக்கு நேர் நின்றார்கள். மனைவி சட்டென்று பின்வாங்கினாள். தட்டு இடமாக ஆடியது, பிறகு வலமாக ஆடியது. மறுபடியும் ஒருமுறை ஆடியது. பிறகு முழுவதும் பெரிய வாத்தியாரின் காலடி மணலில் கொட்டியது.

ஆரத்தி எடுக்கத் தெரிந்த வீட்டில்கூட இவ்வளவு முறையாக எடுத்திருக்க மாட்டார்கள்.

பெரிய வாத்தியார் தம் செருப்பைப் பார்த்தார். சிவப்பு மணலைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "இது என்னவாக்கும்?" என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நாற்பது வருஷம் வகுப்பு நடத்திய சாதாரணம் அது.

"கெழங்குத் தண்ணி" என்றாள் என் மனைவி.

"மரச்சீனி எங்க ஊர்லதான் வெளையுகு. இந்த நெறத்துல வெள்ளம் நான் பாத்ததில்ல." அருமனைப் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்பார்கள். அவர் மனைவியின் பக்கம் திரும்பி, "நடட்டி, போவோம்" என்றார்.

நான் ஓடிப்போய் நின்றேன். என் பின்னால் தங்கை வந்தாள். அவள் முகத்தை அப்போது பார்த்தேன். முதல் இரண்டு இடம் கலைந்தபோது அவள் சிரித்துக்கொண்டே போய்த் துணி தைத்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. வாய் உலர்ந்திருந்தது, அதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை.

அவள்தான் கண்டுபிடித்தாள். "அண்ணே, பானையில சுண்ணாம்பு! மைனி மஞ்சள் போட்டா. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா செவக்குமே!"

"அதைத்தானே பிள்ளே ஆரத்தின்னு செல்லுகது?" என்றார் பெரிய வாத்தியார். "அது எப்படிச் செய்யதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றால் பொய். தெரியும் என்றால் குற்றம். அவள் உள்ளே ஓடி, ஒரு கிண்ணத்தில் நாலு துண்டு சிவந்த கிழங்கும், குழம்புக்குக் கரைத்துவைத்த புளியும் கொண்டுவந்தாள். எல்லோரும் பார்க்கக் கிழங்கின்மேல் புளியை ஊற்றிப் பிசறினாள். சிவப்பு மறைந்து கிழங்கு மஞ்சளாயிற்று.

"பாத்தியளா? வெறும் கெழங்குதான்."

பையனின் தாயார் நெஞ்சில் கைவைத்தார். "எனக்க கர்த்தாவே! மந்திரவாதமும் உண்டா?"

பையன் அதுவரை வாய் திறக்கவில்லை. இப்போது, "அப்பா, இது மந்திரமில்ல. சுண்ணாம்பு காரம், புளி அமிலம். நான் ஏழாங் கிளாஸ் பிள்ளையளுக்குச் செஞ்சு காட்டுகதாக்கும்" என்றார்.

"நீ சும்மா இரி. ஒனக்குப் பொண்ணப் பிடிச்சுப் போச்சு. இனி ஒனக்க சாட்சி செல்லாது."

சாட்சி என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வழி தெரிந்துவிட்டது. "வாய்ச் சாட்சி வேண்டாம். எழுத்துச் சாட்சி இருக்கு" என்றேன். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து, சனிக்கிழமைப் பக்கத்தை விரித்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வகுப்புக்கு வாசிப்பதுபோல உரக்க வாசித்தார்:

"'சனி, மாலை ஐந்தரை. ஆறு பானை நிரப்பினேன். பனையேறி வீட்டுப் பானை. உள்ளே சுண்ணாம்பு. மும்முறை கழுவியும் போகவில்லை. நல்லதே.'" கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். "'திங்கள், மாலை ஆறு. ஒன்றாம் பானை திறப்பு. நிறம்: இல்லை. மணம்: வெள்ளையடித்த வீடு. ருசி: உறுதியானது.' ஓய், உறுதியானதுன்னா என்ன?"

"அப்ப அப்படித் தோணிச்சு."

"'இரவு ஏழரை. சோறு மஞ்சள். அரிசி மேல் சந்தேகம்.'"

பையனின் தாயார் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அதோடு பெரிய வாத்தியார் நிறுத்தியிருக்கலாம். எனக்கு வேண்டிய சாட்சி அதற்குள் பதிவாகிவிட்டது. ஆனால் தலைமை வாத்தியார்கள் பாடத்தைப் பாதியில் நிறுத்துவதில்லை. அடுத்த பக்கம் செவ்வாய்க்கிழமை. அதில் என்ன எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கையை நீட்டினேன். அவர் புத்தகத்தைச் சற்றே தள்ளிப் பிடித்து வாசித்தார்:

"'செவ்வாய், காலை எட்டு. எதிர்ப் பந்தல் பெரியவர் கடலில் கால் நனைத்தார். குரல் பெரிது. ஒவ்வொரு அலைக்கும் மூன்று அடி பின்வாங்குகிறார்.'"

"ரெண்டடி" என்று திருத்திவிட்டு அவர் தொடர்ந்தார்.

"'காலை முதல் பகல் பன்னிரண்டு வரை தங்கை எதிர்ப் பந்தலைப் பார்த்தது: ஒன்பது தடவை.'"

தங்கை என்னைப் பார்த்த பார்வையைப் பத்தாவதாக எழுத முடியாது. அது வேறு வகை. "அண்ணே!" என்றாள். அதற்குமேல் அவளுக்கு நாக்கு மடங்கவில்லை. மனைவி தட்டை மணலில் வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் இடமும் போயிற்று என்று நானே முடிவுகட்டிவிட்டேன்.

அப்போது பையன், கடலைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னார்: "ஒம்பதில்ல. பதினொண்ணு."

பெரிய வாத்தியார் புத்தகத்தை மூடினார். "பதினொண்ணுன்னு நீ எப்படிச் செல்லுக?"

பையன் காலால் மணலைக் கிளறினார்.

"அப்ப நீ எத்தன தடவ பாத்தா?"

"நான் எங்கப்பா கண்ண எடுத்தேன், எண்ணுகதுக்கு?"

முதலில் சிரித்தது பையனின் தாயார். மணலில் உட்கார்ந்திருந்த என் மனைவி அடுத்ததாகச் சிரித்தாள். பிறகு வண்டிக்காரர், யாரும் கேட்காமலே, வண்டிக்கு அடியிலிருந்து. தங்கை பந்தலுக்குள் போய்விட்டாள்; ஓலை இடுக்கில் அவள் கண் தெரிந்தது. பெரிய வாத்தியார் மட்டும் சிரிக்காமல் என்னிடம், "அந்த உறுதியான வெள்ளத்துல ஒரு தம்ளர் கொண்டுவாரும்" என்றார்.

மூன்றாம் பானையைத் திறந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்து, விழுங்காமல் வைத்திருந்து, திரும்பி மணலில் உமிழ்ந்தார்.

"ஓய், இது வெள்ளமில்ல. சுவரு." பிறகு பக்கத்தில் நின்ற என் மகனின் வெடித்த உதட்டைப் பார்த்தார். அவர் குரல் தணிந்தது. "இதையா பிள்ளையளுக்கு ரெண்டு நாளாட்டு குடுத்தீரு?"

பிள்ளைகள் வேண்டாம் என்று அழுதது, சோறு மஞ்சளானது, தங்கையின் நாக்கு, எல்லாவற்றையும் நேரம் தவறாமல் குறித்திருக்கிறேன். குறித்ததை ஒருமுறை வாசித்துப் பார்க்கவில்லை. மகனைத் தூக்கிக்கொண்டேன். அவன் என் தோளில் வாயைத் துடைத்தான்.

பானை தந்தவள்மேல் குற்றமில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஊர் திரும்பியபின் அவளிடம் கேட்டேன். கல்யாண விருந்துக்கு அக்கானி கொண்டுபோகிறேன் என்றுதான் நினைத்தாளாம். நாலு நாள் அக்கானி கள்ளாகாமல் இருக்க வேண்டுமே என்று இரண்டு பூச்சு கனமாகப் பூசினாளாம். "தண்ணிக்குன்னு சொல்லப்பிடாதா? தண்ணி எங்கயாவது கெடுமா அய்யா?" என்று என்னையே கேட்டாள்.

கடற்கரையில், மிச்சமிருந்த நான்கு பானையையும் பெரிய வாத்தியார் நின்று கொட்டச் சொன்னார். முப்பது அடி தள்ளித்தான் கொட்டினோம். பிறகு எங்களிடம் ஒரு சொட்டுக் குடிதண்ணீர் இல்லை. அவர்களிடம் பாதிக் குடம் இருந்தது, பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பையன் தம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் வயல் கெணத்துல போயி எடுத்துட்டு வாறேன்" என்றார். அவ்வளவு பேருக்கு ஒரு குடம் போதாது என்று அவர் தாயார் சொன்னார். இரண்டாவது குடத்தை யார் தூக்குவது என்ற கேள்விக்கு எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். என் மனைவி தங்கையின் கையில் குடத்தைக் கொடுத்து, என் மகளையும் துணைக்குச் சேர்த்து அனுப்பினாள். மகளுக்கு அப்போது ஏழு வயது.

அவர்கள் போனபின் கிழங்கைப் புளியில் பிசறியே தின்றோம். குழம்பு நன்றாக இருந்தது. பெரிய வாத்தியார் என் பக்கத்தில் உட்கார்ந்து, மீதி விதிகளையும் வாசித்தார். ஒன்பதாவது விதியில் ஓர் எழுத்துப் பிழை கண்டுபிடித்தார். கழுத்து ஒடுங்கிய பாத்திரம் என்பது நல்ல யோசனைதான், பாத்திரம்தான் தப்பு, செம்புக் குடம் கொண்டுபோயிருக்க வேண்டும் என்றார். வண்டியில் செம்புக் குடம் நசுங்கும் என்றேன். சாக்கு சுற்றலாமே என்றார். ஒரு மனிதரோடு இவ்வளவு நல்ல பேச்சு பேசிப் பல வருஷமாகியிருந்தது.

முக்கால் மைல் போக, முக்கால் மைல் வர. மணல். திரும்பும்போது சுமை. எப்படிக் கணக்கிட்டாலும் நாற்பத்தைந்து நிமிஷம். நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். பெரிய வாத்தியாரும் தம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

"எழுதாதீங்க" என்றாள் என் மனைவி.

வெயில் தாழ்ந்தபின் மணல்மேட்டில் மூன்று தலை தெரிந்தது. பையன் தோளில் ஒரு குடம், தங்கை இடுப்பில் ஒரு குடம். இரண்டுக்கும் மூடியில்லை. மகள் முன்னால் ஓடிவந்து, யாரும் கேட்காமலே சொன்னாள்: "கெணறு கிட்டதான் இருக்கு. இவிய ரெண்டு பேரும் வாளிய விடாமப் பேசிட்டே இருந்தாவ. நாந்தான் வாளிய விடச் சொன்னேன்."

"ஒரு மணி பத்து" என்றேன் நான்.

"ஒரு மணி பன்னிரண்டு" என்றார் பெரிய வாத்தியார். கடிகாரத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, முதல் தம்ளர் தண்ணீரை மருமகளாகப் போகிறவளின் கையிலிருந்து வாங்கிக் குடித்தார். துளிகூட மணலில் விடவில்லை. "செரி. இனி நாம தடுத்தா நல்லாயிருக்காது. ஆவணியில வச்சிக்கிடலாமா ஓய்?"

"ஆவணி எங்களுக்குச் சௌகரியந்தான்" என்றேன்.

"கல்யாணத்துக்குத் தண்ணிப் பொறுப்பு யாருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். அதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆளைச் சொன்னார்கள். வண்டிக்காரரைக்கூட ஒருவர் சொன்னார். என் பக்கம் யாரும் திரும்பவில்லை.